பொய் நிச்சயத்தை எழுதப் புகுவோர்க்கு

ஒரே அலுவலகத்தில் பணியாற்றும் இருவர், ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தால் தங்களுக்குள் விவாகம் நிச்சயமாகிவிட்டதென்று சுற்றியிருப்போரை நம்பவைத்து, நாளடைவில் அந்தப் பாசாங்கினூடே மெய்யான அன்புக்கு வசப்பட்டுவிடும் கதை, 1908இல் லண்டனில் தோன்றிய மில்ஸ் அண்ட் பூன் போன்ற பதிப்பகங்களால் உலகறிந்த ஒன்றாகி, இப்போது நம் மாத நாவல்களிலும் கைப்பேசித் தொடர்களிலும் சரளமாகப் புழங்குகிறது. அந்தியூரில் இருந்துகொண்டு அத்தகைய நாவலொன்றை எழுதி முடித்தவன் என்ற முறையில், எனக்குப் பிடிபட்ட சில விஷயங்களைப் புதிதாக எழுதுவோர்க்குச் சொல்லலாமென்று தோன்றுகிறது.

முதலில் பொய்க்குக் காரணம் வேண்டும். பழைய காதலனுக்குப் பொறாமை மூட்டுவதற்காகவோ, பாட்டனாரின் உயிலை நிறைவேற்றுவதற்காகவோ சொல்லப்படும் பொய் நம் வாசகியின் மனத்தில் ஒட்டுவதில்லை. ஜீவனத்துக்காகச் சொல்லப்பட்டதென்றால் அடுத்த வரியிலேயே மன்னித்துவிடுகிறாள். விஜயா நிறுவனத்தார் எடுத்து, எல்.வி. பிரசாத் இயக்கி 1955இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’வின் பலம் இதுவே. தம்பதிகளாக வரும் ஆசிரியர்களுக்கே உத்தியோகம் என்று ஜமீன்தார் விளம்பரம் செய்ய, வேலையற்றுத் திரியும் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் புருஷன் பெண்சாதியாக வேஷமிடுகிறார்கள். என் நாவலில், அந்தியூரிலிருந்து தினந்தோறும் பஸ்ஸேறிப் பவானிக்குப் போய் ஜமக்காளக் கம்பெனியொன்றில் கணக்கெழுதும் இருவரைப் பற்றி வம்பு கிளம்ப, அவளுடைய வேலை போய்விடக்கூடாதே என்ற பதற்றத்தில் அவன் முதலாளியிடம், “எங்களுக்கு நிச்சயம் ஆயிருச்சுங்க” என்று சொல்லிவிடுகிறான்.

சொன்னது சொன்னபடி நிற்குமா? விரலில் ஒரு மோதிரத்தை மாட்டிக்கொண்டால் காரியம் முடிந்துவிடும் தேசமல்ல இது. கொங்கு நாட்டில் உப்புச்சர்க்கரை மாற்றினால்தான் நிச்சயம். அதற்கு மாமன் மச்சான் வேண்டும், சாட்சி வேண்டும். முதலாளியம்மாள் வாய்திறந்து கேட்கும் முதல் கேள்வியே, “ஏனுங்க தம்பி, பொண்ணு எந்தக் கூட்டமுங்க?” என்பதுதான். கொங்கு வேளாளரில் ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை முறையாதலால், தூரன் கூட்டத்துப் பையன் தூரன் கூட்டத்துப் பெண்ணைக் கைகாட்ட முடியாது. என் கதாநாயகியோ அந்தச் சாதியே அல்லள். ஆகவே, மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் அவன் அவளுக்குச் செம்பன் கூட்டத்துப் பெண்ணாக நடிக்கக் கற்றுத்தருகிறான்: குலதெய்வம் எது, தாய்வழிப் பாட்டனான அப்புச்சிக்கு எந்த ஊர், பாட்டியான அமுச்சியை எப்படி விளிப்பது, கல்யாணத்து இணைச்சீரில் யார் எங்கே நிற்பது என்றெல்லாம். இரவல் வம்சத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தவள், ஒருநாள், “சரிங்க, எங்க அம்மா எந்த ஊருன்னு நீங்க ஒருக்காலும் கேட்கவே இல்லீங்களே?” என்கிறாள். காதலென்ற சொல்லே வராத அந்த அத்தியாயத்தில்தான் காதல் பிறந்தது. நிலவையும் மழையையும் நான் கூப்பிடவேயில்லை.

கால நிர்ணயத்துக்கு ஆடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுபகாரியம் பேசாத மாதமாகையால், “ஆடி போகட்டும்” என்ற ஒரே வாக்கியத்தால் பொய்யை ஒரு மாதம் நகர்த்திவிடலாம். ஆனால் அதே ஆடியில்தான் அந்தியூரை அடுத்த புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிய குதிரைச் சந்தையும் கூடுகின்றன. வீட்டோடு முதலாளி வருகிறார், பெண்ணின் தாயாரும் வருகிறாள், குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் நடுவில் இரு சாராரும் நேருக்கு நேர் நின்றுவிடுகிறார்கள். ஒளிய இடம் கொடுத்த மாதமே காட்டிக்கொடுக்கவும் செய்யும் இந்த வசதி டிசம்பர் மாதத்து லண்டனில் கிடைக்காது.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ‘மிஸ்ஸியம்மா’வில் சாவித்திரி நடித்த கிறிஸ்தவப் பெண்ணான மேரி, கடைசியில் ஜமீன்தாரின் காணாமற்போன மகளென்று தெரியவர, சமயபேதம் என்ற சங்கடமே கலைந்துபோகிறது, படம் அபாரமானதுதான், ஆயினும் அந்த இடத்தில் கதாசிரியர் தைரியத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டார் என்பேன். என் கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் ஒருவரும், நாயகியை நாயகனின் சாதிக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டால் விற்பனைக்கு அனுகூலமென்றார். நான் இசையவில்லை. புத்தகம் எழுதியபடியே வந்தது, திங்கட்கிழமைச் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருக்கும் என்னை நிறுத்தி, “அப்புறம் அந்தப் பையன் ஊட்டுல ஒத்துக்கிட்டாங்களாங்க?” என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள்.