மழைக்கால வடக்கில் கேரவன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை. மெல்பர்னிலோ சிட்னியிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கேரவனை மாட்டிக்கொண்டு வடக்கே கெய்ர்ன்ஸ், டார்வின், புரூம் என்று போய்வர ஆசை வருவதும் அப்போதுதான். வடக்கில் புயல் பருவமும் அதே நாட்களில்தான்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கேரவன் பூங்காக்களில் இந்தப் பருவத்தைப் பற்றி வாய்வழியாகப் பரவும் சில நம்பிக்கைகள் உயிருக்கே ஆபத்தானவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஒன்றாம், இரண்டாம் வகைப் புயல்தானே, கேரவனுக்குள்ளேயே இருந்து சமாளிக்கலாம்.

ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம் புயல்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மணிக்கு 125 கிலோமீட்டருக்குக் குறைவாகக் காற்று வீசினால் ஒன்றாம் வகை. அதில் வீடுகளுக்குச் சேதம் பெரிதாக இராது என்று சொல்லும் மையத்தின் விளக்கமே, கேரவன்கள் சேதமாகலாம் என்றும் சொல்கிறது. இரண்டாம் வகையில் கேரவன்களுக்குக் கணிசமான சேதம். மூன்றாம் வகையில் சில கேரவன்கள் அழியும். நான்கில் பல கேரவன்கள் பறந்தே போகும். வீட்டில் இருப்பவருக்கு ‘சின்னப் புயல்’ எனத் தோன்றுவது கேரவனில் இருப்பவருக்குச் சின்னதல்ல. மெல்லிய சுவரும் அகன்ற பக்கவாட்டும் கொண்ட வண்டி, தரையில் ஊன்றிய அஸ்திவாரம் இல்லாமல் சக்கரத்தின் மேல் நிற்கிறது.

சங்கிலி போட்டு நான்கு மூலையிலும் கட்டிவிட்டோமே என்பார்கள். கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கட்டு வண்டியைக் காப்பாற்றுவதற்கும், அது பறந்து போய் அடுத்தவர் மேல் விழாமல் இருப்பதற்கும்தான். உள்ளே மனிதர்கள் இருக்கக் கூடாது. 2011-இல் யாசி புயல் தாக்கிய பிறகு, ஐக்கிய அரபு அமீரகம் தந்த நன்கொடையையும் சேர்த்து குயின்ஸ்லாந்தில் பொதுப் புயல் காப்பிடங்கள் பல கட்டப்பட்டன. நீங்கள் தங்கும் ஊரில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்பதை வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேரவன் பூங்கா எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கடலோரத்தில், இல்லாவிட்டால் ஆற்றோரத்தில். யாசி கரையேறியபோது கார்ட்வெல் ஊரில் கடல் ஏறத்தாழ 5 மீட்டர் பொங்கியது.

நம்பிக்கை: புயல் கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது. இனிக் கிளம்பலாம்.

என் கணிப்பில், இருக்கும் நம்பிக்கைகளிலேயே மிக ஆபத்தானது இதுதான். பயணிகளைச் சிக்கவைப்பது பெரும்பாலும் காற்று அல்ல, காற்று ஓய்ந்த பிறகு வரும் தண்ணீர்.

2022 டிசம்பரில் எல்லி என்ற புயல் வட ஆட்புலக் கரையைத் தொட்டது. வெறும் ஒன்றாம் வகை. கரையேறியதும் புயல் என்ற தகுதியையும் இழந்தது. ஆனால் அந்தத் தாழ்வுநிலை கலையாமல் உள்நாட்டில் இரண்டு வாரத்துக்கும் மேலாக அலைந்து மழையைக் கொட்டியது. 2023 ஜனவரித் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஃபிட்ஸ்ராய் ஆறு 15 மீட்டரைத் தாண்டி, பதிவான எல்லா உயரங்களையும் மிஞ்சியது. ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரின் நெடுஞ்சாலைப் பாலம் உடைந்தது. கிம்பர்லியைக் குறுக்கே கடக்கும் தார்ச்சாலை அது ஒன்றுதான். கிழக்குக் கிம்பர்லிக்குப் போக வேண்டிய லாரிகள் தெற்கே இறங்கித் தென் ஆஸ்திரேலியா வழியாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் சுற்றின. புதிய பாலம் திறக்க அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று.

2023 டிசம்பர் 13 அன்று ஜாஸ்பர் புயல் இரண்டாம் வகையாகக் கெய்ர்ன்ஸுக்கு வடக்கே கரையைக் கடந்தது. பெரிய சேதமில்லை என்று பலரும் மூச்சுவிட்டார்கள். மிச்சமிருந்த தாழ்வுநிலையோ நகராமல் நின்று நாள்கணக்கில் பெய்தது. சில இடங்களில் ஐந்தே நாளில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதைவிட அதிகம். கெய்ர்ன்ஸ் விமான நிலையம் மூழ்கியது. வுஜல் வுஜல் ஊர் மக்களை ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள்.

புயலே இல்லாமலும் இது நடக்கும். 2019-இல் டவுன்ஸ்வில்லை மூழ்கடித்தது பருவமழைத் தாழ்வுப் பகுதி. 2025 பிப்ரவரியில் பெருமழை வெள்ளத்தில் புரூஸ் நெடுஞ்சாலையின் ஒல்லெரா ஓடைப் பாலம் இடிந்து, டவுன்ஸ்வில்லுக்கும் இங்காமுக்கும் நடுவே போக்குவரத்து அறுந்தது. அந்த வாரம் பெயர் வைத்த புயல் எதுவும் அங்கே கரையேறவில்லை. ஆகவே புயல் எச்சரிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. ஆற்று வெள்ள எச்சரிக்கையையும் சாலை நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் ஓடைத் தண்ணீரைக் கடந்துவிடலாம்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உண்மையான வண்டிகளை வைத்தே சோதித்தார்கள். ஒரு டன் எடையுள்ள சிறிய காரை வெறும் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் நகர்த்தியது. இரண்டரை டன் நிசான் பட்ரோல் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் தடுமாறியது, 95 சென்டிமீட்டரில் மிதந்தே விட்டது. இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு கேரவனையும் கட்டி இழுத்துப் போகிறீர்கள். எடைக்குப் பொருந்தாத பெரிய உடல் அது. எளிதில் மிதக்கும், மிதந்தால் முன்வண்டியையும் இழுக்கும். நடு ஓடையில் மனம் மாறினால் பின்னால் எடுக்கவும் முடியாது. தண்ணீருக்கடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. ஆழம் பார்க்க இறங்கி நடக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்: வெள்ளக் காலத்தில் உவர்நீர் முதலைகள் வழக்கமான இடங்களைத் தாண்டிப் பரவுகின்றன. மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதமும் உண்டு.

நம்பிக்கை: ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பும்.

தவறு. திறந்த ஜன்னல் வழியே நுழையும் காற்று உள்ளிருந்து கூரையை மேலே தள்ளுகிறது, வெளியே வீசும் காற்றும் அதைத் தூக்குகிறது. எல்லாவற்றையும் இறுக மூடுங்கள்.

நம்பிக்கை: காற்று நின்றுவிட்டால் புயல் போய்விட்டது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அங்கே இருந்தவர்களுக்கு இது தவறென்று தெரியும். புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கும். கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். 1974 கிறிஸ்துமஸ் அன்று டார்வினை அழித்து 66 பேரைக் கொன்ற டிரேசி புயலிலும் இப்படித்தான். வெளியே வரலாம் என்று அதிகாரிகள் சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

நம்பிக்கை: புயல் வருகிறதென்று தெரிந்ததும் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்.

பல காப்பீடுகளில், எடுத்த முதல் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் நேரும் புயல், வெள்ளச் சேதம் சேராது. வாடகை வண்டி என்றால் எந்தச் சாலையில் போகக் கூடாது என்ற நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

நம்பிக்கை: அப்படியானால் அந்தப் பருவத்தில் போகவே கூடாது.

இதையும் நான் ஏற்கவில்லை. மழையற்ற பருவத்தில் வெறும் பாறையாகக் கிடக்கும், கெய்ர்ன்ஸ் பக்கத்துப் பேரன் (Barron) அருவி மழைக்காலத்தில்தான் முழுதாக இறங்குகிறது. காடும் வானமும் அந்த மாதங்களில்தான் தங்கள் உண்மையான நிறத்தில் இருக்கின்றன. போகலாம். ஆனால் கேரவனைத் தெற்கிலேயே விட்டுவிட்டு, ஊருக்குள் உறுதியான கட்டடத்தில் அறை எடுத்துத் தங்குங்கள் என்பதே என் பரிந்துரை. கேரவனோடுதான் போவீர்கள் என்றால், திரும்பும் தேதியை இறுக்கிக் கட்டாதீர்கள். சாலை மூடினால் ஒரு வாரம் காத்திருக்கும் அளவுக்கு உணவும் குடிநீரும் மருந்தும் வண்டியில் இருக்கட்டும். டீசல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வானிலை மையம் முதலில் தருவது புயல் கண்காணிப்பு அறிவிப்பு: 48 மணி நேரத்துக்குள் பலத்த காற்று வரலாம் என்று பொருள். அடுத்துப் புயல் எச்சரிக்கை: 24 மணி நேரத்துக்குள். எச்சரிக்கை வரும்வரை காத்திருந்தால் சாலையில் மழை உங்களுக்கு முன்னே வந்துவிடும். முதல் அறிவிப்பிலேயே கேரவனை மாட்டி, சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குயின்ஸ்லாந்தில் சாலை நிலவரத்துக்கு 13 19 40, வெள்ளத்திலும் புயலிலும் உதவிக்கு 132 500, உயிருக்கு ஆபத்தென்றால் 000.