அம்புலியும் அலைபேசியும்

17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரையில் அரங்கேற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் தால், சப்பாணி, அம்புலி முதலான பருவங்கள் உண்டு. குழந்தையைத் தாலாட்டவும், கைகொட்ட வைக்கவும், நிலவை விளையாட அழைக்கவும் அன்று வேண்டியிருந்தவை குரலும் கையும் முகமுமே. இன்று அவ்விடத்தை அலைபேசி பிடித்துக்கொண்டது.

பிறரைக் குறைகூற நான் வரவில்லை. என் அக்காள் வீட்டிலிருந்தே பூக்கட்டிப் பிழைப்பவர். மாலைக்குள் சரம் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டரை வயது மகன் அழுதால் தூக்கக் கை ஒழியாது. "தம்பி, படத்தைப் போட்டுக் கொடுடா" என்பார். போட்டுக் கொடுத்தது நானேதான். சில மாதங்களில், அலைபேசியின்றி அவன் ஒரு வாய்ச் சோறும் உண்ண மறுத்தான். பிடுங்கினால் தரையில் புரண்டான்.

காரணம் எளியது. அழும் குழந்தையை அணைத்துப் பேசினால், தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அது சிறிது சிறிதாகக் கற்கிறது. படம் காட்டினால் அழுகை நிற்கும். அந்தப் பயிற்சி கிடைக்காது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயது வரையுள்ள 422 குழந்தைகளைக் குறித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி இவ்வாறு அமைதிப்படுத்தப்பட்டவர்களிடம், சிறப்பாக ஆண் குழந்தைகளிடம், உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுந்து காணப்பட்டது. இரண்டு வயது நிரம்பும் முன் திரை வேண்டாம் என்பதும், அதன்பின் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த நெறி.

நாங்கள் அலைபேசியை அடியோடு ஒழிக்க முயலவில்லை. உணவு வேளையில் மட்டும் விலக்கினோம். மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் மொட்டைமாடியில் நிலாவைக் காட்டி ஊட்டினேன், உண்டான். நிலா இல்லாத இரவில் தெருவில் போகும் மாடு போதுமாயிற்று. பகலில் அக்காள் தரும் உதிரிப் பூவைக் கிண்ணம் விட்டுக் கிண்ணம் மாற்றி விளையாடுகிறான். முகூர்த்த நாள்களில் வேலை மிகும்போது இன்னும் படம் ஓடுகிறது. அதை மறைக்க மாட்டேன்.

ஆதலால், தாயைக் கடிவதால் பயனில்லை. அவள் கை ஒழியாதபோது குழந்தையை வாங்கிக்கொள்ள மற்றொரு கை வேண்டும். மாணவ நண்பர்களே, மாலையில் வீடு திரும்பும் நாம் அந்தக் கையாக இருக்கலாமே!