கடல் ஊதும் குழல்

புல்லாங்குழல் வாசிப்பவருக்கு இரண்டு வேலைகள் உண்டு. மூச்சை ஊத வேண்டும். எந்தத் துளையை மூடி எதைத் திறப்பது என்று விரல்களால் முடிவு செய்ய வேண்டும். கடல் அலைக்கு ஊதும் பலம் உண்டு, விரல்கள் இல்லை. ஆனாலும் குரோஷியா நாட்டில் கடல் குழல் வாசிக்கிறது!

ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள ஸாடர் ஒரு பழைய நகரம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சிதைந்தது. பிறகு கட்டிய கரையோரம் வெறும் கான்கிரீட் சுவராக நின்றது. 2005-இல் நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அங்கே சுமார் 70 மீட்டர் நீளத்துக்குக் கடலில் இறங்கும் கற்படிகளை அமைத்தார். படிகளின் அடியில் 35 குழாய்கள் மறைந்துள்ளன. அலை குழாயின் கீழ்வாயில் புகும்போது உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படுகிறது. மேலே ஊதல் போன்ற அமைப்பு ஒன்று இருக்கிறது. காற்று அதன் கூரிய விளிம்பில் மோதி, குழலிலுள்ள காற்றுத் தம்பத்தை அதிரச் செய்கிறது. கல்தளத்தில் உள்ள துளைகள் வழியே இசை வெளிவருகிறது.

சரி, சுரத்தை முடிவு செய்வது யார்? குழலின் நீளம்தான். இருபுறமும் திறந்த குழலில் ஒலியின் அலைநீளம், குழலின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், 1 மீட்டர் குழல் 170 ஹெர்ட்ஸ் ஒலி தரும். அரை மீட்டர் குழல் 340 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே. ஆக, விரல்கள் செய்யவேண்டிய வேலையைக் குழல்களை அளந்து அறுத்தவர்களே செய்து முடித்துவிட்டார்கள்! எந்தக் குழல் முந்தும், எது உரக்க ஒலிக்கும் என்பது மட்டும் அலையின் பொறுப்பு.

இடமும் முக்கியம். ஸாடரில் கடல் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஆகவே குழாய் வாய்கள் நீர்மட்டத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1986-இல் அமைத்த அலை இசைக்கருவியை நன்றாகக் கேட்க, கடல் ஏறும் நேரம் பார்த்துப் போகவேண்டும். அதில் ஊதல் இல்லை. களகள, குபுகுபு ஓசைதான். (இடித்த கல்லறைத் தோட்டத்துக் கற்களால் கட்டியது அது!)

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். வாயில் ஒரு விசிலைச் செருகி, இடைவெளியைக் களிமண்ணால் அடையுங்கள். நீர் நிறைந்த வாளியில் பாட்டிலை நேராக அமுக்குங்கள். மெதுவாக அமுக்கினால் மெல்லிய ஒலி. வேகமாக அமுக்கினால் உரத்த ஒலி. மிக வேகமாக அமுக்கும்போது சுரமும் சற்று மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.