ரெண்டு ஃபைலை ஒட்டினா சிறிசாகுமா? டாஸ் காலத்து ஒரு பாடம்

முதல்ல ஒரு கேள்வி. 700 கேபி ஜிப் ஃபைல் ஒன்றை ரெண்டு துண்டாக்கி ரெண்டு ஃபிளாப்பியில் வச்சிருக்கீங்க. துண்டுக்கு 350 கேபி. எம்எஸ்-டாஸ்ல ரெண்டையும் ஒட்டினா எவ்வளவு வரணும்? 700 கேபிதானே? ஆனா கட்டளையைக் கொஞ்சம் அசந்து அடிச்சா சில நூறு பைட்டுதான் வரும். எர்ரர் எதுவும் காட்டாது. "1 ஃபைல் காப்பி ஆச்சு"ன்னு சொல்லிட்டு சும்மா இருக்கும். அதை நம்பி ஃபிளாப்பியை ஃபார்மேட் பண்ணினா, கதை முடிஞ்சது.

ஏன் இப்படி? வாங்க பார்ப்போம். (கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கோம். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடிங்க.)

கட்டளை

டாஸ்ல ஃபைல் ஒட்டுறதுக்குத் தனி புரோகிராம் கிடையாது. காப்பி கட்டளையே அந்த வேலையையும் பார்க்கும். நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டா போதும்:

காப்பி பாதி1+பாதி2 முழுசு

பிரச்சனை இதில்தான் இருக்கு. சரியான வடிவம் இது:

காப்பி /பி பாதி1+பாதி2 முழுசு

அந்த /பி 'பைனரி'யைக் குறிக்குது. ஒரே ஒரு ஃபைலை காப்பி பண்ணும்போது டாஸ் தானாகவே பைனரி முறையை எடுத்துக்கும். கூட்டல் குறி வந்ததும், "ஓஹோ, டெக்ஸ்ட் ஃபைல் ஒட்டுறாங்க போல"ன்னு முடிவு கட்டிடும். டெக்ஸ்ட் முறையில் 26 என்ற மதிப்புள்ள பைட்டைப் பார்த்ததும், ஃபைல் முடிஞ்சதுன்னு அங்கேயே நிறுத்திடும். அதுதான் கன்ட்ரோல்-இசட். ஆங்கிலத்தில் இசட் 26-வது எழுத்து, அதனால் அந்த எண்.

26 எங்கிருந்து வந்தது?

இதுக்கு டாஸுக்கு முந்தைய சிபி/எம் காலத்துக்குப் போகணும். கேரி கில்டால் 1974-ல் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் அது. அன்றைய 8 இன்ச் ஃபிளாப்பியில் ஒரு செக்டார் 128 பைட். சிபி/எம் ஒரு ஃபைலின் அளவை பைட் கணக்கில் வைக்காது, 128 பைட் கொண்ட எத்தனை ரெக்கார்டுன்னு மட்டும்தான் எழுதி வைக்கும்.

ஒரு கடிதம் 300 பைட்ன்னு வச்சுக்கோங்க. அதுக்கு 3 ரெக்கார்டு வேணும், அதாவது 384 பைட். மீதி 84 பைட்டில் கடிதம் இல்லை. கடிதம் எங்கே முடியுதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு 26-ஐ அடையாளமா வச்சாங்க.

1981-ல் வந்த டாஸ், ஃபைல் அளவை பைட் கணக்கிலேயே எழுதி வைக்கும். அந்த அடையாளமே தேவையில்லை. ஆனா சிபி/எம் பழக்கத்தில் இருந்த புரோகிராம்களும் ஃபைல்களும் சுலபமா இங்கே மாறி வரணுமே! அதனால பழைய வழக்கமும் கூடவே வந்துடுச்சு. தேவை போயிடுச்சு, வழக்கம் மட்டும் தங்கிடுச்சு.

சின்ன டெஸ்ட் ஏன் ஏமாத்தும்?

இது பிராபபிலிட்டி படிச்சவங்களுக்கு. ஜிப் மாதிரி சுருக்கப்பட்ட ஃபைலில் ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை ஏறக்குறைய சம வாய்ப்போட வரும். ஒரு பைட் 26 ஆக இல்லாத வாய்ப்பு 255/256. 100 பைட் ஃபைலில் ஒரு 26 கூட வராத வாய்ப்பு சுமார் 68 சதவீதம். 1000 பைட்டுக்குப் போனா அது வெறும் 2 சதவீதம். 350 கேபிக்கு? பூஜ்யம்ன்னே சொல்லலாம்.

அதாவது, சின்ன ஃபைலில் டெஸ்ட் பண்ணினா பெரும்பாலும் பாஸ் ஆகும். நிஜமான ஃபைலில்தான் காலை வாரும். நம்ம புராஜெக்ட் டெஸ்டிங்குக்கும் இதே கதைதான், யோசிச்சுப் பாருங்க.

கவனிக்க வேண்டியவை

1. வரிசை. கூட்டல் குறிக்கு இடமும் வலமும் மாறினா ஃபைலும் மாறிடும். நட்சத்திரக் குறி போட்டு மொத்தமா ஒட்டினா, டாஸ் டைரக்டரியில் பதிவான வரிசையைத்தான் எடுக்கும், எண் வரிசையை இல்லை.

2. போய்ச் சேரும் பெயர். காப்பி /பி பாதி1+பாதி2 என்று மட்டும் அடிச்சா, முடிவு பாதி1-க்குள்ளேயே போய் உட்காரும். எப்பவும் புதுப் பெயர் கொடுங்க.

3. சரிபார்ப்பு. டிர் கட்டளையில் துண்டுகளின் பைட் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்க. முழுசின் அளவு ஒரு பைட் விடாம அதே இருக்கணும். அளவு சரியா இருந்தும் வரிசை தப்பா இருக்கலாம். அதனால ஃபைலைத் திறந்தும் பாருங்க. அதுவரைக்கும் துண்டுகளை அழிக்கக் கூடாது.

மற்ற மெஷின்களில்

சிபி/எம்-ல் இதே வேலைக்கு பிப் என்ற கருவி. அதில் போய்ச் சேரும் பெயர் முதலில் வரும்: பிப் முழுசு=பாதி1,பாதி2. பைனரி ஃபைலுக்கு ஒவ்வொரு பெயருக்கும் பின்னாடி சதுர அடைப்புக்குள் ஓ போடணும். அமிகாவில் ஜாயின் பாதி1 பாதி2 ஆஸ் முழுசு. டாஸிலும் ஜாயின் என்று ஒன்று உண்டு. ஆனா அது ஒரு டிரைவை ஒரு டைரக்டரியோட இணைக்கிற வேலைக்கு, ஃபைல் ஒட்ட இல்லை. யூனிக்ஸ்ல கேட். அதுக்கு 26-ஓ வேற எந்த பைட்டோ விசேஷம் கிடையாது, எல்லாமே வெறும் பைட்.

நீங்களே செஞ்சு பாருங்க

பழைய கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டாம். இன்றைய விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டிலும் காப்பி இப்படித்தான் நடந்துக்கும். ரெண்டு ஜேபெக் போட்டோவை எடுத்து, /பி இல்லாம ஒரு தடவை, /பி போட்டு ஒரு தடவை ஒட்டிப் பாருங்க. ரெண்டு அளவையும் ஒப்பிடுங்க. ரெண்டாவதைத் திறந்தா முதல் போட்டோ மட்டும்தான் தெரியும். அது ஏன்னு கண்டுபிடிக்கிறது உங்க ஹோம்வொர்க். ஒரு குறிப்பு: ஜேபெக் ஃபைலும் தான் எங்கே முடியுதுன்னு தனக்குள்ளேயே ஒரு அடையாளம் வச்சிருக்கு!