தாய்லாந்து விருந்தில் கண்ணுக்குத் தெரியாத மீன்

பௌத்தம் தழைத்த நாடு என்பதால் தாய்லாந்தில் புலால் கலவாத உணவு எளிதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை பயணிகளிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் அங்கு நிலவும் தேரவாத பௌத்தம் துறவிகளுக்குக்கூடப் புலாலை முற்றாக விலக்கவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேட்காத, ஐயுறாத இறைச்சியை அவர்கள் பிச்சையாக ஏற்கலாம் என்பதே விநய விதி. ஆகவே பால், முட்டை, தேன் உட்பட விலங்குவழிப் பொருள் எதையும் கொள்ளாத நனிசைவர் (வீகன் உணவுமுறையைப் பின்பற்றுபவர்), பாங்காக்கின் நட்சத்திர விடுதி உணவகத்தில் அமரும்போது நாட்டின் சமயத்தை நம்பியிருக்க இயலாது.

இறைச்சித் துண்டுகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது தாவர உணவே என்பது இதைவிட ஆழமான பிழை. தாய்லாந்துச் சமையலில் உப்பின் இடத்தைப் பெரும்பாலும் நிரப்புவது ‘நாம் பிளா’ எனும் மீன்சாறு. நெத்திலியை உப்பிட்டு ஓராண்டோ அதற்கு மேலோ நொதிக்கவைத்து வடிப்பதால் அது தெளிந்த நீர்மமாகிக் குழம்பில் சுவடின்றிக் கரைந்துவிடுகிறது. பச்சைக் குழம்புக்கும் சிவப்புக் குழம்புக்கும் அடிப்படையான மிளகாய் விழுதில், கூனி இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்த ‘கபி’ சேர்த்தே இடிக்கப்படுகிறது. டோம் யாம் சாற்றில் சேரும் வறுத்த மிளகாய் விழுதில் உலர் இறாலும், வள்ளைக்கீரை வதக்கலில் சிப்பிச் சாறும் கலந்திருப்பது வழக்கம். உருளை வடிவ மஞ்சள் டோஃபுகூட முட்டை சேர்த்துச் செய்யப்பட்டது என்பதை அறிந்த பயணிகள் சிலரே. இவற்றுள் எதுவும் கண்ணுக்கு இறைச்சியாகத் தோன்றாததால், ‘இறைச்சி வேண்டாம்’ என்ற வேண்டுகோள் இவற்றைத் தடுப்பதில்லை.

உணவுப் பட்டியலில் ‘சைவம்’ என்ற குறி இருந்தால் போதும் என்பதும் சரியன்று. ‘மங்சவிரத்’ என்று தாய் மொழியில் வழங்கும் சைவ உணவு முட்டையையும் பாலையும் ஏற்கும். நனிசைவத்துக்கு நெருக்கமானது ‘ஜே’ என்ற முறை. சீனப் பௌத்த மரபிலிருந்து வந்து, மஞ்சள் கொடிகளால் அடையாளம் காணப்படும் இது, புக்கெட்டில் 1825ஆம் ஆண்டிலிருந்து தொடர்வதாகக் கருதப்படும் ஒன்பது நாள் விழாவின் வழியே நாடெங்கும் அறியப்பட்டது. இம்முறை மீன்சாற்றையும் முட்டையையும் பாலையும் அறவே விலக்குகிறது. ஆயினும் பூண்டு, வெங்காயம் முதலிய கடுமணப் பொருள்களையும் சேர்த்தே விலக்குவதால், விழுதின் உயிரான பூண்டும் சின்ன வெங்காயமும் இன்றி உணவு வெளிறிப்போகக்கூடும். ‘ஜே முறையில், ஆனால் பூண்டும் வெங்காயமும் சேர்க்கலாம்’ என்று கூறுவதே சமையலறைக்கு ஐயத்துக்கிடமற்ற சொல்லாக அமையும்.

விலையுயர்ந்த விடுதியில் கேட்ட மாத்திரத்தில் எதுவும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. நல்ல விடுதிகள் விழுதைத் தாமே இடிப்பதால் கபியை நீக்கித் தனியாக இடிக்கவும், எலும்புச் சாற்றுக்குப் பதிலாகக் காளானும் முள்ளங்கியும் கொதித்த சாற்றைப் பயன்படுத்தவும் அவற்றால் முடியும். சந்தையில் ஆயத்த விழுது வாங்கும் தெருக்கடைக்கு இது எளிதன்று. ஆனால் காலையிலேயே இடித்துவைத்த விழுதிலிருந்து இரவு எட்டு மணிக்கு இறாலைப் பிரித்தெடுக்க எந்தச் சமையற்கலைஞராலும் இயலாது என்பதால், முந்தைய நாளே எழுத்தில் தெரிவிப்பது இன்றியமையாதது.

மீன்சாறு இன்றித் தாய்லாந்து உணவு சுவையிழக்கும் என்பதோ முற்றிலும் தவறு. அந்நாட்டுச் சமையலுக்கே அநீதி இழைக்கும் கூற்று அது. கடலிலிருந்து தொலைவிலுள்ள வடபகுதி மக்கள், சோயா அவரையை வேகவைத்து நொதிக்கச் செய்து, வட்டங்களாகத் தட்டி வெயிலில் உலர்த்தும் ‘துவா நாவ்’ என்ற பொருளைத் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். நெருப்பில் வாட்டி இடித்துச் சேர்க்கும்போது கபி தரும் ஆழ்ந்த சுவைக்கு நிகரானதை அது தருகிறது. ஆகவே நனிசைவர் கேட்பது அயல்நாட்டு விருப்பமன்று. அந்நாட்டு அடுக்களையிலேயே உள்ள அறிவைத்தான் அவர் நாடுகிறார்.

குழம்பின் வெண்மையைக் கண்டு பால் என அஞ்சத் தேவையில்லை, அது தேங்காய்ப்பால். இனிப்புகளில் மாம்பழத்துடன் பரிமாறும் பசையரிசிச் சோறு அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு ஆகியவற்றால் ஆனது. அதன் அருகில் பொன்னிற நூல்களாக மின்னும் ‘ஃபோய் தோங்’ மட்டும், அயுத்தயா காலத்தில் போர்த்துக்கீசியர் வழி வந்த, முட்டை மஞ்சட்கருவால் செய்யப்படும் இனிப்பாகும்.