நீச்சல் குளத்தில் குளோரின் வாடையா? கவனம்!

நீச்சல் குளத்தை நெருங்கும்போதே ஒரு வாடை மூக்கைத் துளைக்கிறது. “குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும்” என்று நம்பிக் குதித்துவிடுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. நன்கு பராமரிக்கப்படும் குளத்தில் அந்தக் கடும் வாடை இருக்காது.

அப்படியானால் அது எதன் வாடை?

வீட்டு நீச்சல் குளங்களில் பெரும்பாலும் போடப்படும் குளோரின் தூளின் பெயர் கால்சியம் ஹைப்போகுளோரைட். இது நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. கிருமிகளைக் கொல்வது இந்த அமிலம்தான். இதன் மூலக்கூறுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் பாக்டீரியாவின் உயிரணுச் சுவரை எளிதில் ஊடுருவிச் செல்கிறது.

நம் வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியா, அம்மோனியா போன்ற நைட்ரஜன் சேர்மங்கள் உள்ளன. குளோரின் இவற்றோடு சேர்ந்தால் ‘குளோரமின்’ உண்டாகிறது. நம் மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிய வைப்பதும் இருமலைக் கிளப்புவதும் இதுதான். குளோரமினுக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. ஆக, வாடை வருகிறது என்றால் குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சோதனைப் பெட்டியால் இரண்டு அளவுகளைக் கண்டறியலாம். வேலை செய்யத் தயாராக இருப்பது தனிக் குளோரின். இது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. மற்றது மொத்தக் குளோரின். மொத்தத்திலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் கிடைப்பது, அழுக்கோடு பிணைந்துவிட்ட குளோரின்.

ஒரு குளத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர். கொள்ளளவு 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். மொத்தக் குளோரின் 2.5, தனிக் குளோரின் 2.0 என்றால், பிணைந்தது 0.5 மில்லிகிராம். இதை அகற்ற ஏறத்தாழ 10 மடங்கு, அதாவது லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் தேவை. முழுக் குளத்திற்கும் 240 கிராம். தூளில் 65 விழுக்காடுதான் குளோரின் என்றால், சுமார் 370 கிராம் தூள் போட வேண்டும். வாடை வரும் குளத்திற்குக் குளோரினைக் குறைப்பதல்ல, கூட்டுவதே மருந்து! வெயிலில் குளோரின் விரைவாகச் சிதைவதால், இதை மாலையில் செய்வது நல்லது. அளவு மீண்டும் 3-க்குக் கீழ் இறங்கும் வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது.

பி.எச். அளவும் முக்கியம்

குளத்து நீரின் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். 7.5-இல் தனிக் குளோரினில் ஏறக்குறைய பாதி, ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8-ஐத் தொட்டால் கால் பங்குதான் மிஞ்சும். போட்ட குளோரின் அதேதான், பலன் பாதியாகிவிடுகிறது. பி.எச். மிகவும் குறைந்தாலோ கண் எரியும், உலோகக் குழாய்களும் அரிக்கும்.

எச்சரிக்கை!

பி.எச். அளவைக் குறைக்கப் பயன்படும் அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுவான குளோரின் அதிலிருந்து வெளியேறும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீரில்தான் தூளைச் சேர்க்க வேண்டும். இந்த வேலைகளைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மாணவர்களே, உங்களால் செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் குளியுங்கள். உடலில் உள்ள வியர்வையும் அழுக்கும் பெருமளவு நீங்கிவிடும். கழிவறைக்கும் முன்கூட்டியே போய் வாருங்கள். குளோரமின் உருவாவதற்கான மூலப்பொருள் நீருக்குள் போகாவிட்டால், மூக்கைத் துளைக்கும் வாடைக்கு அங்கே இடமேது?