சென்சார் வந்த பிறகு

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் நீ "சரி மாமா, சரி மாமா" என்றே முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மருந்துக் கம்பெனியில் எலிக்கு இரை வைக்கிற ரோடா பாக்ஸ்களுக்கெல்லாம் சென்சார் மாட்டிவிட்டார்கள், இனி எங்களுக்கு வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். இருக்கும். ஆனால் இப்போது நீ பார்க்கிற வேலையில் பாதி இருக்காது. இரண்டையும் சேர்த்தே காதில் வாங்கிக்கொள்.

போகப் போவது எது தெரியுமா? வரிசையாகப் பெட்டியைத் திறந்து, எலி கடித்திருக்கிறதா பார்த்து, கார்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிற வேலை. ரெண்டோகில், ஸ்வீடனின் ஆன்டிசிமெக்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் வெளிநாடுகளில் இதைப் பல வருடமாக இயந்திரத்திடம் விட்டிருக்கின்றன. எலி உள்ளே வந்தால் பொறியே ஆபீஸுக்குச் செய்தி அனுப்பும். ஃப்ளை கேட்சருக்குள் கேமரா வைத்தால், பசை அட்டையில் ஒட்டிய பூச்சிகளை எண்ணி, இது வீட்டு ஈ, இது பழ ஈ என்று பிரித்தும் சொல்லும். ரெண்டோகில் 2017-லேயே நம் நாட்டு பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனியான பி.சி.ஐ.யோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. ஆகவே இது எங்கோ நடக்கிற கதை இல்லை.

இதில் நாம் வருத்தப்பட்டுப் பயனில்லை. பெட்டியைத் திறக்காமலே கார்டை நிரப்புகிற பழக்கம் நம் தொழிலில் உண்டு. நீ செய்வாய் என்று சொல்லவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை என்றும் என்னிடம் சொல்லாதே. ஆடிட்டர் நம் கார்டை நம்பாமல் போனதற்கு அதுதான் காரணம். நம்பகமான கணக்கு வேண்டும் என்றுதான் அந்தக் கம்பெனிக்காரன் சென்சாருக்குக் காசு கொடுக்கிறான்.

உனக்கு முன்னால் நாற்காலி ஆடப்போவது உங்கள் ஆபீஸ் பிள்ளைகளுக்கு. போன் எடுப்பது, கொட்டேஷன் போடுவது, யார் எந்த ஏரியாவுக்குப் போவது என்று பிரிப்பது, சர்வீஸ் ரிப்போர்ட் அடிப்பது எல்லாமே உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலைகள். பெஸ்ட் கண்ட்ரோல் என்றால் முதுகில் பம்ப் மாட்டியவன் மட்டும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறான். அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வீடுகளுக்கு இது அவ்வளவு சீக்கிரம் வராது. நம் ஊரில் டெக்னீஷியனுக்குக் கொடுக்கிற சம்பளத்தைவிடக் கருவியும் அதன் மாதக் கட்டணமும் அதிகம். நம்மை இன்றைக்குக் காப்பாற்றுவது நம் குறைந்த சம்பளம்தான். பெருமைப்படுகிற காவல் இல்லை இது. கருவி விலை இறங்கிய மறுநாள் போய்விடும். அதனால் அதை நம்பி உட்காராதே.

நம்ப வேண்டியது வேறு. கரையான் வேலையை எடுத்துக்கொள். ஐ.எஸ். 6313 தரநிலை சொல்கிறபடி சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. துளையை 300 மி.மீ. இடைவெளியில் போட்டு மருந்து இறக்குவது உனக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் துளை போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது எந்தக் கரையான்? மண் குழாய் கட்டி ஏறினால் தரைக்கு மருந்து கொடுக்கலாம். மண்ணே இல்லாமல், கதவு நிலைக்குக் கீழே ஆறு பட்டை கொண்ட சின்னச் சின்ன மணி மணியாகக் கொட்டியிருந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். அதற்குத் தரையைத் துளைப்பது வீண். மாவு போல நைஸாகக் கொட்டினால் கரையானே இல்லை, வண்டு. மூன்றுக்கும் ஒரே மருந்து, ஒரே பில் போடுகிற ஆட்களை நீயே பார்த்திருப்பாய்.

வீட்டுக்காரர் போட்டோ எடுத்துப் போனிடம் கேட்டால், அதுவும் இதைப் பிரித்துச் சொல்லிவிடும் என்பாய். நல்ல படமாக இருந்தால் சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் எடுத்த இடத்தைப் பற்றித்தான் அது பேசும். படம் எடுக்காத பரணைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? மரத்தைத் தட்டிப் பார்த்து, பாத்ரூம் கசிவைக் கேட்டுத் தெரிந்து, பக்கத்து வீட்டு விறகுக் குவியலை எட்டிப் பார்த்து வருகிறவனுக்கு எப்போதும் அழைப்பு வரும்.

கரப்பான் கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் 1980-களில் இனிப்புச் சேர்த்த விஷ இரை வைத்துக் கரப்பானைக் கொன்றார்கள். சில வருடங்களில் ஜெர்மன் கரப்பான்களில் ஒரு கூட்டம் அந்த இரையைத் தொடுவதை நிறுத்திவிட்டது. ஏன் என்று 2013-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள்: அந்தக் கரப்பான்களுக்குக் குளுக்கோஸ் கசக்கிறது! இரை அப்படியே கிடக்கிறது என்று கருவி நாளைக்கு உனக்கு மெசேஜ் அனுப்பும். நேற்றுவரை தின்றது இன்று ஏன் தின்னவில்லை? ஜெல் இரையை மாற்றவேண்டுமா, பக்கத்தில் யாராவது ஸ்ப்ரே அடித்துக் கெடுத்தார்களா, கிச்சனில் அதைவிட ருசியாக ஏதாவது கிடக்கிறதா? அங்கே போய் முட்டி போட்டு டார்ச் அடிப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் உண்மையாகப் பயப்படுவது இயந்திரம் உன்னை வேலையைவிட்டு அனுப்பும் என்பதற்கு அல்ல. அது உன்னை விரட்டி விரட்டி வேலை வாங்கும் என்பதற்கு. ஒரு வீட்டுக்கு இத்தனை நிமிடம், அடுத்த வீடு எத்தனை கிலோமீட்டர், ஏன் லேட் என்று ஆப் கணக்குப் போடும். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது எச்சரிக்கை சொல்கிற நேரம்தான். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எலி மருந்து வைத்த வீட்டில் இரவு தூங்கிய இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். எந்த அறையில் படுப்பீர்கள், குழந்தை இருக்கிறதா, ஏ.சி. போடுவீர்களா என்று கேட்காமல் எந்த வீட்டிலும் மருந்தை எடுக்காதே. ஆப் சிவப்பாகக் காட்டினால் காட்டட்டும். மேனேஜர் கேட்டால் மாமா சொன்னார் என்று சொல்.

இங்கே நான் பார்க்கிற துறைமுக வேலையிலும் கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெளிநாடு போகிற மரப் பேலட்டைப் பூச்சி சாகச் சூடேற்றும்போது, அதன் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்ததா என்பதைக் கருவி என்னைவிட ஒழுங்காக எழுதி வைக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சான்றிதழில் பெயர் போட்டுக் கையெழுத்திட ஒரு ஆள் வேண்டும். ஏதாவது ஆனால் அதிகாரி கூப்பிட்டுக் கேட்பது அந்த ஆளைத்தான்.

நீ அந்த ஆளாக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 1971-ஆம் வருடப் பூச்சிமருந்து விதிகளின்படி இந்தத் தொழிலை லைசென்ஸோடு நடத்த, விவசாயத்திலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் வேண்டும். அதோடு மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. மாதிரி விதியில் சொன்ன நிறுவனம் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். நீ வேதியியல்தான் படித்தாய். அந்த ஒரு அரியர் பேப்பரை அப்படியே விட்டுவிட்டு பம்பைத் தூக்கிக்கொண்டாய். அதைச் சொன்னால் உன் அம்மா உனக்குப் பரிந்து பேசுகிறாள்.

வருகிற செமஸ்டரிலேயே பணம் கட்டி எழுது. பேப்பர் முடிந்ததும் மைசூர் போகலாம். அந்தச் செலவு என்னுடையது.

உன் மாமா